ஊசி எங்கே நிற்கிறது? பிலிம் கேமராவில் அபெர்ச்சர் பிரையாரிட்டியும் ஷட்டர் பிரையாரிட்டியும்

தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு நான் முதல் தடவை பிலிம் கேமராவோடு போனது ஒரு மே மாத மத்தியானம். தார் ரோடு முடிகிற இடத்தில் இரண்டு பக்கமும் கடல், காலுக்குக் கீழே கொதிக்கிற மணல், நிழலுக்கென்று ஒரு பனங்கன்றுகூடக் கிடையாது. கையில் நிக்கான் எஃப்இ, 50 எம்எம் லென்ஸ், உள்ளே 400 ஐஎஸ்ஓ ரோல். கேமராவில்தான் ஆட்டோ இருக்கிறதே, அப்புறம் என்ன கவலை என்று ஷட்டர் டயலை ஆட்டோவில் போட்டேன். பின்னணி மங்கலாக வந்தால் அழகாக இருக்குமே என்று லென்ஸை எஃப் 2-ல் வைத்தேன். கூட வந்த சித்தப்பா குடும்பம், அலை, நாய், ஐஸ் வண்டி என்று 36 படமும் தீர்கிறவரை எடுத்துத் தள்ளினேன்.

பத்து நாள் கழித்து ரோல் கழுவி வந்தது. நெகட்டிவ் முழுக்கக் கரிச்சட்டி அடிப்பாகம் மாதிரி கருப்பு. பிரிண்ட்டில் சித்தி முகம் சுண்ணாம்பு அடித்தது போல இருந்தது, மணல் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. கேமராவில் வெளிச்சம் கசிகிறது, கழுவும்போது கெடுத்துவிட்டார்கள் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். லேபில் இருந்த அண்ணன் நெகட்டிவை டியூப்லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“ஊசி எங்க நின்னுச்சு தம்பி?”

நான் ஊசியைப் பார்க்கவே இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற வியூஃபைண்டருக்குள் இடது ஓரமாக ஒரு ஊசி ஆடிக்கொண்டிருக்கும் என்பது தெரியும், அது எனக்காக ஆடுகிறது என்பது தெரியாது. அபெர்ச்சர் பிரையாரிட்டி, ஷட்டர் பிரையாரிட்டி என்ற இந்த இரண்டு மோடுகளையும் பற்றி இணையத்தில் எவ்வளவோ விளக்கங்கள் கிடக்கின்றன, பெரும்பாலும் டிஜிட்டல்காரர்களுக்கு. அவர்கள் எடுத்த உடனே திரையில் பார்த்துக்கொள்ளலாம். நமக்குத் திரை கிடையாது. பிலிம் கேமராவில் அந்தத் திரையின் வேலையைச் செய்வது இந்த ஊசிதான் (சில கேமராக்களில் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள்), அதனால் இங்கே ஊசியை விடாமல் பிடித்துக்கொண்டே பேசப் போகிறேன்.

முதலில் அடிப்படை. ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஒரு கண்மாய் போதும். கண்மாயிலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிறீர்கள். மடையை எவ்வளவு அகலம் திறக்கிறீர்கள், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறீர்கள், இரண்டையும் சேர்த்துத்தான் வயலில் ஏறும் தண்ணீர். அகலமாகத் திறந்தால் சீக்கிரம் அடைத்துவிடலாம், கொஞ்சமாகத் திறந்தால் ரொம்ப நேரம் விட வேண்டும். லென்ஸுக்குள் இருக்கும் துளையின் அகலம்தான் அபெர்ச்சர். அந்தத் துளை வழியாக பிலிமின் மேல் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது என்பது ஷட்டர் ஸ்பீடு. (அணைக்கட்டுக் கதவையும் நாம் ஷட்டர் என்றுதான் சொல்கிறோம். அங்கே அதை ஏற்றி இறக்கினால் மாறுவது அகலம், கேமராவில் ஷட்டர் என்றால் நேரம். இதில் மட்டும் குழம்பிவிடாதீர்கள்.)

அப்போது ஐஎஸ்ஓ? பிலிமுக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டும் என்று சொல்லும் எண், அதாவது வயலில் நிற்கிற பயிர். 100 ஐஎஸ்ஓ பிலிம் நெல் மாதிரி, தண்ணீர் நிறையக் கேட்கும். 400 ஐஎஸ்ஓ நம்ம ஊர் முண்டு மிளகாய், 100-க்குக் கொடுக்கும் வெளிச்சத்தில் கால்பங்கு போதும், அதற்கு மேல் விட்டால் அழுகும். ரோலை உள்ளே போட்டுவிட்டால் 24 அல்லது 36 படம் முடிகிறவரை பயிரை மாற்ற முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அபெர்ச்சர் எண்கள் லென்ஸ் வளையத்தில் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16, 22 என்று போகும். எண் பெரிதானால் துளை சிறிது. இது ஏன் இப்படித் தலைகீழாக இருக்கிறது என்று எல்லோரும் ஒரு தடவையாவது எரிச்சல் படுவார்கள். லென்ஸின் குவிய தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்து வருவதுதான் இந்த எண். 50 எம்எம் லென்ஸில் எஃப் 2 என்றால் துளை 25 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஒரு இரண்டு ரூபாய்க் காசு. அதே லென்ஸில் எஃப் 16 என்றால் மூன்று மில்லிமீட்டர் சொச்சம், ஒரு கொத்தமல்லி விதை. ஷட்டர் டயலில் 30, 60, 125, 250, 500, 1000 என்று இருக்கும். 125 என்றால் நொடியில் 125-ல் ஒரு பங்கு. இரண்டு வரிசையிலும் ஒரு படி நகர்ந்தால் வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும். இந்த ஒரு படியைத்தான் ஸ்டாப் என்கிறோம். எஃப் 8-ல் 1/250 கொடுத்தாலும், எஃப் 11-ல் 1/125 கொடுத்தாலும், எஃப் 5.6-ல் 1/500 கொடுத்தாலும் பிலிமுக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் ஒன்றேதான்.

இனி விஷயம் ரொம்பச் சுலபம். அபெர்ச்சர் பிரையாரிட்டியில் மடையின் அகலத்தை நீங்கள் வைக்கிறீர்கள், நேரத்தை கேமரா பார்த்துக்கொள்கிறது, அது எந்த ஷட்டர் ஸ்பீடு என்பதை ஊசி காட்டும். ஷட்டர் பிரையாரிட்டியில் நேரத்தை நீங்கள் வைக்கிறீர்கள், அகலம் கேமராவின் பொறுப்பு. அவ்வளவே. டயலில் முதலாவதை நிக்கான் ‘ஏ’ என்றும் கேனன் ‘ஏவி’ என்றும் போடும். இரண்டாவதற்கு நிக்கானில் ‘எஸ்’, கேனனில் ‘டிவி’. அந்த டிவி தொலைக்காட்சி இல்லை, டைம் வேல்யூ.

பழைய கேமரா வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தன் கேமராவில் எந்த மோடு இருக்கிறது என்பதை. எல்லாவற்றிலும் இரண்டும் இருக்காது. 1976-ல் வந்த கேனன் ஏஇ-1 ஷட்டர் பிரையாரிட்டி. அதே வருடம் வந்த பென்டாக்ஸ் எம்இ அபெர்ச்சர் பிரையாரிட்டி மட்டும். 1978-ல் வந்த என் நிக்கான் எஃப்இயும் அபெர்ச்சர் பிரையாரிட்டிதான், வேண்டுமானால் முழு மேனுவலுக்கும் மாறலாம். நிறையப் பேர் வீட்டு அலமாரியில் தூங்கும் யாஷிகா எலக்ட்ரோ 35-உம் அந்தக் கட்சி. இரண்டையும் ஒரே எஸ்எல்ஆரில் (லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கிற கேமரா) முதலில் கொடுத்தது 1977-ன் மினோல்டா எக்ஸ்டி, அடுத்த வருடம் கேனன் ஏ-1. பென்டாக்ஸ் கே1000 மாதிரி இரண்டுமே இல்லாத கேமராக்களும் உண்டு. அதை வைத்திருப்பவர்கள் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இரண்டு வேலையையும் தாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான்.

அபெர்ச்சர் பிரையாரிட்டியில் தொடங்கலாம், கடலோரத்தில் நான் பெரும்பாலும் இருப்பது இதில்தான். துளையின் அகலம் வெளிச்சத்தை மட்டும் மாற்றவில்லை, படத்தில் எவ்வளவு ஆழத்துக்குத் தெளிவு இருக்கும் என்பதையும் மாற்றுகிறது. 50 எம்எம் லென்ஸில் இரண்டு மீட்டர் தள்ளி இருப்பவர்மேல் ஃபோகஸ் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். எஃப் 2 என்றால் தெளிவாக இருக்கும் ஆழம் சுமார் 20 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட முழுசாக இல்லை. அவர் முகம் தெளிவு, கொஞ்சம் பின்னால் நீட்டியிருக்கும் கை மங்கல். எஃப் 11-க்குப் போனால் அதே இடத்தில் ஒரு மீட்டருக்கு மேல் தெளிவு கிடைக்கும். இதுவே எஃப் 11-ல் எட்டு மீட்டர் அளவில் ஃபோகஸ் வைத்தால் சுமார் நாலு மீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவு. தனுஷ்கோடியில் இடிந்து நிற்கிற அந்தத் தேவாலயத்தை, முன்னால் கிடக்கும் பவளக்கல், பின்னால் தெரியும் கடல் எல்லாவற்றோடும் எடுக்க நினைத்தால் இந்தக் கணக்குதான் கைகொடுக்கும். 1964 டிசம்பர் புயலில் போன ஊர் அது. சுவரைப் பார்த்தால் பவளக்கல்லின் சின்னச் சின்னத் துளைகள்கூடத் தெரியும், அதையெல்லாம் மங்கலாக்கிவிட்டு எதை எடுக்கப் போகிறோம்?

இங்கே புதிதாக வருகிறவர்களை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. எஃப் 16 வைத்துவிட்டு வியூஃபைண்டரில் பார்த்தால் பின்னணி அப்போதும் மங்கலாகத்தான் தெரியும். கேமரா கெட்டுப் போகவில்லை. பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டும் என்பதற்காக லென்ஸ் எப்போதும் முழுசாகத் திறந்தே இருக்கும், பட்டனை அழுத்துகிற கணத்தில்தான் நீங்கள் வைத்த அளவுக்குச் சுருங்கி, படம் எடுத்து முடிந்ததும் மறுபடி விரியும். நீங்கள் பார்ப்பது எஃப் 2, எடுப்பது எஃப் 16. லென்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல் அல்லது பட்டன் இருந்தால் அதை அழுத்திப் பாருங்கள், காட்சி இருட்டாகும், கூடவே பின்னணி தெளிவாவதும் தெரியும். அது இல்லாத கேமராவில் லென்ஸ் மேலேயே அச்சடித்திருக்கும் தூர அளவுகோலை நம்ப வேண்டியதுதான்.

சரி, இப்போது என் அரிச்சல்முனைக் கணக்குக்கு வருவோம். பளிச்சென்ற வெயிலில் ஒரு பழைய வாய்ப்பாடு உண்டு. எஃப் 16 வைத்தால் ஷட்டர் ஸ்பீடு ஐஎஸ்ஓ எண்ணை ஒட்டி இருக்கும். 400 பிலிமுக்கு எஃப் 16-ல் 1/500 என்று வைத்துக்கொள்ளலாம். எஃப் 11-க்கு வந்தால் 1/1000. எஃப் 8-க்கு வந்தால் 1/2000 வேண்டும், என் கேமராவில் 1000-க்கு மேல் இல்லை. எஃப் 5.6-க்கு 1/4000. இப்படியே இறங்கி எஃப் 2-க்கு வரும்போது 1/32000 வேண்டும். கேமரா பாவம், தன்னால் முடிந்த 1/1000-ஐக் கொடுத்தது. வேண்டியதைப் போல 32 மடங்கு வெளிச்சம், ஐந்து ஸ்டாப் அதிகம். மிளகாய் வயலில் கண்மாயையே உடைத்துவிட்ட கதை. அந்த 36 தடவையும் ஊசி 1000-ஐத் தாண்டி மேலே போய் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். அது என்னிடம் சொல்லிக்கொண்டேதான் இருந்தது.

ஆக அபெர்ச்சர் பிரையாரிட்டியில் ஊசியை இரண்டு முனையிலும் பார்க்க வேண்டும். மேல் முனையில் கேமராவின் எல்லை, அதாவது 1000 என்றால் 1000. கீழ் முனையில் உங்கள் கையின் எல்லை. 50 எம்எம் லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/60-க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது, 135 எம்எம் என்றால் 1/125-கூடச் சந்தேகம்தான், 1/250 வையுங்கள். ஊசி இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறதா, அழுத்துங்கள். மேலே முட்டினால் எண்ணைப் பெரிதாக்குங்கள், கீழே விழுந்தால் சிறிதாக்குங்கள். மத்தியானக் கடற்கரையில் பின்னணி மங்கலாக வந்தே தீர வேண்டும் என்று அடம்பிடித்தால் 100 ஐஎஸ்ஓ ரோல் வாங்கிப் போங்கள், அதில் எஃப் 5.6 வரை 1/1000-க்குள் அடங்கும். அதற்கும் கீழே போக வேண்டுமானால் லென்ஸ் முன்னால் மாட்டும் கருப்பு ஃபில்டர் தேவை. இல்லையென்றால் மத்தியானம் பேசாமல் சாப்பிட்டுப் படுத்துவிட்டு நாலரை மணிக்கு வரலாம், நான் செய்வது அதுதான்.

ஷட்டர் பிரையாரிட்டி எதற்கு என்றால் அசைவுக்கு. மண்டபம் பக்கம் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு வரிசையாக ஆட்கள் கயிற்றைப் பிடித்துப் பின்னோக்கி நடப்பார்கள், வலையின் பாரம் ஏற ஏறக் கயிறு விறைக்கும். அப்படி விறைக்கிற கணத்தில் கயிற்றில் ஊறியிருக்கும் தண்ணீர் மொத்தமும் சிலிர்த்துத் தெறிக்கும், வெயில் பின்னாலிருந்து வந்தால் மணி உதிர்ந்தது போல இருக்கும். அந்தத் துளிகளைத் துளிகளாகவே நிறுத்த வேண்டுமானால் 1/1000. ஆட்களை மட்டும் நிறுத்தினால் போதும் என்றால் 1/250. இழுப்பின் வேகம் தெரியட்டும், கையும் கயிறும் கொஞ்சம் இழுபடட்டும் என்றால் 1/30, அதை எடுக்கும்போது உங்கள் கை ஆடக்கூடாது. ஒரே காட்சிக்கு மூன்று விதமான படம், மூன்றையும் தீர்மானிப்பது நேரம். ஏஇ-1 வைத்திருந்தால் லென்ஸ் வளையத்தை ‘ஏ’ குறியில் (இங்கே ஆட்டோ என்று அர்த்தம்) போட்டுப் பூட்டிவிட்டு, டயலில் 1000 வைத்து வியூஃபைண்டருக்குள் பார்த்தால் வலது ஓரத்தில் ஊசி எஃப் எண்ணைக் காட்டும். காலை எட்டு மணி வெயிலில், 400 பிலிமில், எஃப் 8 பக்கம் நிற்கும். தாராளம், அழுத்தலாம்.

குளிர்காலத்தில் கோதண்டராமர் கோவில் பக்கத்துத் தண்ணீரில் பூநாரைகள் வந்து நிற்கும்போதும் இதே மோடுதான். நின்று மேய்கிற பறவைக்கு 1/250 போதும், எழுந்து பறந்தால் 1/1000. ஆனால் 50 எம்எம் லென்ஸை வைத்துக்கொண்டு போகாதீர்கள், பறவை அரிசிமணி அளவுக்குத்தான் வரும், கிட்டே போகலாம் என்று தண்ணீரில் இறங்கினால் கூட்டமே கிளம்பிவிடும்.

பாம்பன் பாலத்தில் ரயில் போவதை எடுக்க எல்லோரும் 1/1000 வைக்கிறார்கள். தேவையில்லை. 1914-ல் திறந்த பழைய பாலமாக இருந்த காலத்திலும் சரி, 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்திலும் சரி, சாலைப் பாலத்தில் நின்று பார்க்கிற நமக்கு ரயில் அவ்வளவு தூரத்தில் இருக்கிறது, 1/125-ல் அது நின்றது போலத்தான் வரும். அங்கே ஆடுவது நாம்தான். காற்று சட்டையைப் பிய்த்துக்கொண்டு போகும், பின்னால் ஒரு பஸ் கடந்தால் காலடியில் பாலமே அதிரும். நான் அங்கே 1/500 வைப்பது ரயிலுக்காக இல்லை, எனக்காக.

இந்த மோடிலும் ஊசிக்கு இரண்டு முனை உண்டு, இங்கே எல்லை லென்ஸுடையது. விளக்கு வைக்கும் நேரத்தில் படகுகள் திரும்பி வருகின்றன, ஓடுகிற படகுதானே என்று 1/500 வைக்கிறீர்கள். லென்ஸ் முழுசாகத் திறந்தாலும் எஃப் 1.8 தான், அதற்கு மேல் அதனால் வாயைத் திறக்க முடியாது. வெளிச்சம் போதாமல் படம் இரண்டு மூன்று ஸ்டாப் இருட்டாகிவிடும். ஏஇ-1-ல் இந்தச் சமயம் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கும். அது மினுங்கினால் 250, 125 என்று இறக்கிக்கொண்டே வாருங்கள், மினுங்கல் நிற்கிறவரை. மறுமுனையில், அலை பஞ்சு மாதிரி வர வேண்டுமென்று பட்டப்பகலில் அரை நொடி வைத்தால் லென்ஸ் எஃப் 22 வரை சுருங்கியும் போதாது. வெயிலில் 100 பிலிமில் எஃப் 22-க்கே 1/60 தான் வரும். பஞ்சு அலை வேண்டுமென்றால் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு சூரியன் வருவதற்கு முன்னால் அக்னி தீர்த்தக் கரைக்குப் போய் நிற்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்கிறேன், இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேமராவில் அபெர்ச்சர் பிரையாரிட்டி மட்டும் இருந்தாலும் ஷட்டர் பிரையாரிட்டி இல்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. எனக்கு 1/500 வேண்டுமா, ஊசி 500-ல் வந்து நிற்கிறவரை லென்ஸ் வளையத்தைத் திருப்புகிறேன். எந்த எஃப் எண் வந்தாலும் வந்துவிட்டுப் போகட்டும். ஏஇ-1-காரர்களும் அப்படித்தான், எஃப் 11 வேண்டுமென்றால் ஊசி 11-ஐத் தொடுகிறவரை ஷட்டர் டயலைத் திருப்பலாம். வெளிச்சம் மாறினால் மறுபடி திருப்ப வேண்டும், அவ்வளவுதான் கூடுதல் வேலை. ஊசியைப் பார்க்கப் பழகிய ஆளுக்கு இரண்டு மோடும் ஒரே வீட்டின் முன்வாசலும் கொல்லைவாசலும்.

ஊசியை நம்பச் சொன்னேன் இல்லையா, இப்போது அது எப்போது பொய் சொல்லும் என்றும் சொல்லிவிட வேண்டும். கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற மீட்டருக்கு மணல் தெரியாது, கடல் தெரியாது, எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றுதான் நினைக்கும். வெள்ளை மணல், மின்னுகிற தண்ணீர், வெளுத்த வானம் மூன்றும் சேர்ந்த நம்ம கடற்கரையைக் காட்டினால், ஐயோ இவ்வளவு வெளிச்சமா என்று பயந்து குறைத்துவிடும். மணல் சிமெண்டு நிறத்துக்கு வரும், அதன் நடுவில் நிற்கிற ஆளின் முகம் இருண்டுவிடும். இது இரண்டு மோடிலும் நடக்கும், மோடை மாற்றித் தப்பிக்க முடியாது. அதனால் ஒரு ஸ்டாப், மணல் மட்டுமே நிறைந்த காட்சி என்றால் ஒன்றரை ஸ்டாப்கூட, நாமாகக் கூட்டிக் கொடுக்க வேண்டும். எஃப்இயில் அதற்கென்றே ஒரு வளையம் உண்டு, கூட்டலில் 1 வைத்தால் போதும். ஏஇ-1-ல் லென்ஸுக்கு இடது பக்கம் ஒரு பட்டன், அழுத்திப் பிடித்தால் ஒன்றரை ஸ்டாப் கூட்டும். எதுவுமே இல்லாத கேமராவில் ஐஎஸ்ஓ டயலை ஏமாற்றுங்கள், 200 பிலிமைப் போட்டுவிட்டு டயலில் 100 என்று வைத்தால் ஒரு ஸ்டாப் கூடிவிடும். மணலை விட்டு ஊருக்குள் வந்ததும் மறக்காமல் திருப்பி வையுங்கள். நான் இரண்டு தடவை மறந்திருக்கிறேன்.

கலர் நெகட்டிவ் பிலிம் ஒன்றிரண்டு ஸ்டாப் அதிகமானால் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது, குறைந்தால்தான் நிழல் பகுதியில் ஒன்றுமே இல்லாமல் போய்விடும். சந்தேகம் வந்தால் கூட்டியே கொடுங்கள். ஸ்லைடு பிலிம் போட்டிருந்தால் இந்தத் தாராளம் கிடையாது, அரை ஸ்டாப் அதிகமானாலும் காட்டிக் கொடுத்துவிடும், அதைப் பழகின பிறகு வாங்கலாம்.

சூரிய உதயத்தில் தீர்த்தமாடுகிறவர்களை எடுக்கும்போது நேர் எதிர்ச் சிக்கல் போலத் தோன்றும், உண்மையில் அதேதான். பின்னால் வானம் எரிகிறது, மீட்டர் வானத்தைப் பார்த்துக் குறைக்கிறது, ஆட்கள் கருநிழலாக வருகிறார்கள். அது அழகென்றால் அப்படியே விடுங்கள், பெரும்பாலும் அழகுதான். முகம் தெரிய வேண்டுமென்றால் உங்கள் உள்ளங்கையை அவர்கள் முகத்தில் படும் அதே வெளிச்சத்தில் நீட்டி, வியூஃபைண்டர் நிறைய அதைக் காட்டி ஊசியைப் படியுங்கள். நம் உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் வெளுப்பு, அதனால் வந்த அளவுக்கு ஒரு ஸ்டாப் கூட்டி, அந்த அளவை மேனுவலில் வைத்து எடுங்கள். எஃப்இயில் மேனுவலுக்குப் போகாமலே டைமர் நெம்புகோலை லென்ஸ் பக்கமாக அழுத்திப் பிடித்தால் அளவு அப்படியே உறைந்து நிற்கும்.

சில்லறை விஷயங்கள் கொஞ்சம். லென்ஸ் மூடியோடு அபெர்ச்சர் பிரையாரிட்டியில் பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று திறந்துவிட்டு அப்புறம் சத்தமே இருக்காது. கேமரா போய்விட்டது என்று பதறாதீர்கள், இருட்டைப் பார்த்துவிட்டு நொடிக்கணக்கில் திறந்து வைத்திருக்கிறது, டயலை மேனுவலுக்குத் திருப்பினால் மூடிக்கொள்ளும். ஆட்டோ உள்ள இந்தக் கேமராக்கள் எல்லாம் பேட்டரியில் ஓடுகிறவை, எஃப்இக்கு வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 இரண்டு போதும், ஒரு ஜோடி எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். பேட்டரி தீர்ந்தால் ஏஇ-1 சுத்தமாகப் படுத்துவிடும், எஃப்இ 1/90 என்ற ஒரே வேகத்தில் மட்டும் ஓடும். கடற்கரையில் நின்றுகொண்டு லென்ஸையோ ரோலையோ மாற்றாதீர்கள், கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மணல் எங்கெல்லாம் நுழையும் என்று எனக்குத் தெரியும், அதற்குச் செலவு செய்திருக்கிறேன்.

கடைசியாக, எந்த எண்ணை வைப்பது என்பதைப் பற்றி. தங்கச்சிமடத்தில் மேகம் மூடிய ஒரு காலை, கரையில் ஏற்றிப்போட்ட வல்லத்துக்கு (மீன்பிடிப் படகு) முன்னால் உட்கார்ந்து ஒரு பெரியவர் வலையின் கிழிசலைச் சரிசெய்துகொண்டிருந்தார். எடுக்கட்டுமா என்று கேட்டேன், தலையை ஆட்டினார். 200 ஐஎஸ்ஓ ரோல், எஃப் 2.8, ஊசி 1000-ல் நின்றது. இரண்டு மீட்டர் தூரத்தில் உட்கார்ந்து அவர் விரல்களில் ஃபோகஸ் வைத்து எடுத்தேன்.

“எங்க, காட்டுங்க தம்பி.”

“இதுல உடனே தெரியாதுங்கய்யா. கழுவித்தான் வரணும். பிரிண்ட் போட்டுக் கொண்டாந்து தர்றேன்.”

மூன்று வாரம் கழித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எனக்கு அந்தப் படத்தின் மேல் ரொம்பப் பெருமை, நூல் இழைகூட எண்ணிவிடலாம், பின்னணி வெண்ணெய் மாதிரிக் குழைந்திருந்தது. அவர் படத்தைக் கையில் வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார், கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வலை நல்லா இருக்கு. வல்லம் எங்க?”

“பின்னால இருக்குங்கய்யா, மங்கலா.”

“மங்கலாவா? அன்னைக்குப் பெயிண்டு அடிச்சு ஒரு வாரம்கூட ஆகலையே.”

வல்லத்தின் முகப்பில் அவர் மகள் பெயர் எழுதியிருந்ததாம். என் படத்தில் அது ஒரு நீலக் கறை.

அடுத்த வாரமும் வானம் மூடியிருந்தது. அவரை அதே இடத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, அவரிடமிருந்து நாலு மீட்டர் தள்ளிப் போய் நின்று, எஃப் 11 வைத்து, அவருக்கும் வல்லத்துக்கும் நடுவில் ஆறு மீட்டரில் ஃபோகஸைக் கொண்டுவந்தேன். ஊசி 60-க்கு இறங்கியது. மூச்சை அடக்கிக்கொண்டு அழுத்தினேன். பெயரின் கடைசி எழுத்துக்கு மேல் வைத்த புள்ளிகூட அதில் தெரிகிறது.